குழி பார்க்கும் வேட்பாளர்

என் அக்கா ஆர்டித்தின் கணவர் வெண்டல் கிராட்ஸ் வாஷிங்டனில் இருக்கிற பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடப் போகிறார் என்ற செய்தி வந்தபோது, நான் என் பார்லரில் பாதிரியார் வீட்டுச் சமையற்காரிக்குத் தலைமுடி சுருட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். விழவில்லை. சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊர் எல்ம் ஃபோர்க்கில் வெண்டலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் எதற்காகத் தெரியும் என்று யோசித்தால், கைகுலுக்கி ஓட்டுக் கேட்கிற ஆளாக அவரை நினைத்துப் பார்ப்பது கஷ்டம். அவர் குழி பார்க்கிறவர்.

நீரோட்டம் பார்க்கிறவர்கள் எங்கள் நெப்ராஸ்காவில் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். வெண்டல் பார்ப்பது தண்ணீரை அல்ல, செத்தவர்களை. பழைய கல்லறைத் தோட்டங்களில் மரச் சிலுவைகள் புல்வெளித் தீயில் எரிந்து போயிருக்கும். எங்கே யார் கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு குழி வெட்டுவதற்கு முன்னால் கல்லறைக் கமிட்டிக்காரர்கள் வெண்டலுக்குப் போன் போடுவார்கள். வெல்டிங் கம்பி இரண்டை முழங்கை போல வளைத்து, கைக்கு ஒன்றாகத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அவர் மெதுவாக நடப்பார். கீழே ஆள் இருந்தால் கம்பிகள் தாமாகத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். தாண்டினால் பிரியும். குறுக்கே விழுந்த இடத்திலிருந்து பிரிகிற இடம் வரை எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய ஆள். குட்டையாக இருந்தால் குழந்தை.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இந்த மாவட்டத்தில் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற நாலைந்து பேரில் நான் ஒருத்தி, பேய் பிசாசுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்லர் திறந்த புதிதில் வெண்டல் உள்ளே வந்தார். தலை கழுவுகிற தொட்டி பக்கம் போனவர் சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார், யாருடைய காலையோ மிதித்துவிட்ட மாதிரி. "மன்னிச்சுக்கங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை, தரையிடம் சொன்னார். அடுத்த வாரமே நான் ஆளை வைத்துத் தொட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். ஏன் மாற்றினாய் என்று கேட்டவர்களிடம் வெளிச்சம் போதவில்லை என்றேன்.

அவர் இந்த வேலையை எப்போது தொடங்கினார் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மறுவருஷம், ஆர்டித்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. அப்போது ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன மருத்துவமனை ஒன்று இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி குழந்தையைத் தாய்க்குக் காட்டவில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் சர்ச்சின் பங்குக் கல்லறையிலும் இடம் கேட்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்கள். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு சிஸ்டர் வெண்டலிடம் சொன்னார். இருபத்து நாலு வயதுப் பையன், தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். எங்கே என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியபோது மருத்துவமனை மூடப்பட்டு, சிஸ்டர்கள் கலைந்து போய், கட்டடத்தையும் இடித்தாகிவிட்டது. நிலத்தை ரோட் என்ற விவசாயக் குடும்பம் வாங்கிப் புல் வளர்த்தது.

அதற்குப் பிறகுதான் வெண்டல் கம்பியை எடுத்தார். ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாக மற்றவர்களுடைய பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ரோட் நிலத்தில் மட்டும் அவர் கால் வைத்ததில்லை. கிழவன் ரோட் யாரையும் உள்ளே விடமாட்டான். ஒரே ஒரு முறை வெண்டல் போய்த் தொப்பியைக் கழற்றிக் கேட்டார். முடியாது என்றான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். நானாக இருந்தால் அன்றைக்கே வேலியைத் தாண்டியிருப்பேன். வெண்டல் அப்படிப்பட்டவர் இல்லை. அடுத்தவன் வேலி என்றால் அவருக்கு அது சர்ச் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கம்பித் தடுப்பு மாதிரி. அந்த நிலத்தை ஒட்டிப் போகிற சாலையில் வரும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்குவார், நிறுத்த மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆர்டித் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தேர்தலுக்கு அவரை இழுத்துவிட்டது ஒரு பள்ளம். அவர் வயலில் வசந்தகாலத்தில் நாலு வாத்து இறங்குகிற ஒரு பள்ளம். அதை மூடக்கூடாது, அது ஈரநிலம் என்று வாஷிங்டன் அலுவலகம் ஒன்று சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் யாரோடும் சண்டை போடாத மனிதர் அன்று சாப்பாட்டு மேசையில் கரண்டியை வீசினார். எங்கள் தொகுதியின் பிரதிநிதி, குடியரசுக் கட்சிக்காரர்தான், அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியிருந்தாராம். அவரை எதிர்த்து அதே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற முதல்கட்டத் தேர்தலில் நிற்பது என்று வெண்டல் முடிவு செய்தார்.

அவருடைய கொள்கைகளை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துப் பார்லரில் கொண்டுவந்து வைத்தார். வரி குறைய வேண்டும். கடன் வாங்கிச் செலவு செய்கிற சபை வீட்டுக்குப் போக வேண்டும். துப்பாக்கி அவரவர் வீட்டு விஷயம். எல்லைக்குள் வருகிறவன் சட்டப்படி வரட்டும், வந்தவனை மரியாதையாக நடத்துவோம். கருவில் இருக்கிற உயிரும் உயிர்தான், விதிவிலக்கு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே நிலம்: ஒருவன் நிலத்தில் அவன் அனுமதியில்லாமல் அரசாங்கம் கால் வைக்கக் கூடாது. கடைசி வரி மற்றதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

நான் சும்மா இருப்பேனா. பயிர் காப்பீட்டுக்கு அரசாங்கம் தருகிற மானியம் இனிக்கிறதா, முழங்கால் ஆபரேஷனுக்குப் பணம் எந்த அரசாங்கக் காப்பீட்டிலிருந்து வந்தது என்று தலை கழுவுகிற பெண்களுக்கு முன்னாலேயே கேட்டேன். அவர் நிதானமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"என் முழங்காலுக்கு நான் முப்பது வருஷமா கட்டியிருக்கேன், லியோனா. உன் வாய்க்கு யாரு கட்டறா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய கருத்தில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த மனிதர் அட்டையில் போட்டதைத்தான் வாழ்ந்தார், அதில் பொய் இல்லை. கூட்டங்களில் வரியைப் பற்றிப் பேசும்போது குரல் உயரும். கருவில் இருக்கும் உயிரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசுவார். முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கே சரியாகக் கேட்காது. ஆனாலும் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

கிழவன் ரோட் செத்துப்போய் மகன் கேலன் நிலத்துக்கு வந்திருந்தான். கேலன் கலகலப்பானவன், வெண்டலின் பிரசாரத்துக்குப் பெரும்பகுதி செலவும் அவனுடையதுதான். அந்த ஏப்ரலில் பழைய மருத்துவமனை நிலத்தில் பெரிய பன்றிப் பண்ணை கட்ட ஏற்பாடு செய்திருந்தான். கொட்டகைக்கு அடியில் ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழத்தில் கழிவுக்குழி. அதற்கும் நாலு அலுவலகத்தில் அனுமதி வாங்கி அலுத்துப் போயிருந்தான். முதல் மண்ணை வெண்டல் வெட்ட வேண்டும், அங்கேயே நில உரிமையைப் பற்றிப் பேச வேண்டும், பத்திரிகைக்காரன் படம் எடுப்பான் என்று திட்டம். அழைப்பு வந்தபோது வெண்டல் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாராம். பிறகு ஆர்டித்திடம், "கேலனே கூப்பிட்டிருக்கான். வாசல் வழியா போறோம்" என்றாராம்.

விழா அன்று நல்ல வெயில். வடக்கிலிருந்து சீரான காற்று. வருகிற கூட்டத்துக்காக முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் வைத்த பன்னைத் தட்டு நிறைய அடுக்கி ஆர்டித்தும் நானும் கொண்டுபோனோம். அளவெடுத்தவர்கள் நிலம் முழுக்கச் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொடிகளை ஊன்றியிருந்தார்கள், மெல்லிய கம்பியில் கைக்குட்டை அளவு துணி. அவற்றில் இரண்டு காற்றில் சாய்ந்து கிடந்தன. வெண்டலுக்கு எதுவும் சாய்ந்து கிடந்தால் பொறுக்காது. பேசப் போகிற வழியில் இரண்டையும் பிடுங்கிக் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார், பேசி முடித்ததும் நேராக ஊன்றலாம் என்று. அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

"ஒரு மனுஷனோட நிலத்துக்கு மேல இருக்கறதும் அவனோடது, கீழ இருக்கறதும் அவனோடது," என்று ஆரம்பித்தார். "அதுல மூக்கை நுழைக்க..."

நிறுத்திவிட்டார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆர்டித் என் முழங்கையைப் பிடித்த பிறகுதான் கையைப் பார்த்தேன். நிலத்தில் இருந்த மற்ற எல்லாக் கொடிகளும் தெற்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. அவர் கையில் இருந்த இரண்டும் காற்றை எதிர்த்து உள்பக்கம் திரும்பின. மெதுவாகத் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படுத்தன. துணி படபடக்கவில்லை. ஈரத் துணி மாதிரித் தொங்கியது.

ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொன்று. கொடிகள் பிரிந்தன. இன்னும் இரண்டடி, மறுபடி குறுக்கே விழுந்தன. உடனே பிரிந்தன. மறுபடி விழுந்தன. அவர் பேச்சையும் எங்களையும் மறந்துவிட்டு ஒரே நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தார். அது ஒரு வரிசை என்பது எல்லோருக்கும் புரிந்தது. கேலன் முதலில் சிரித்தான், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டான். அவனுடைய நாய் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு வெண்டலின் கால் போகிற இடத்தையே பார்த்தது. ஆர்டித் பன் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு, அவர் கால் வைத்த ஒவ்வொரு இடத்தையும் கண்ணாலேயே தொட்டுக்கொண்டு நின்றாள். நம்பாதவளுக்கும் பயம் வரும், அதை மறைத்து என்ன பயன்.

கோட்டின் முடிவுக்குப் போய்த் திரும்பி வந்தார். கொடிகளை எடுத்த இடத்திலேயே நேராக ஊன்றினார். "வந்ததுக்கு நன்றி" என்று மைக்கில் சொன்னார். படத்துக்காக ஒரு மண்வெட்டி மண்ணைத் தூக்கச் சொன்னபோது, தனக்கு முதுகு வலி என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் நாங்கள் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

"எல்லாமே குட்டையா?" என்று ஆர்டித் கேட்டாள்.

"எல்லாமே."

எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அடையாளம் இல்லாத புதைகுழி இருப்பதாக ஒருவர் போன் செய்தால் போதும், மாநிலத்து ஆட்கள் வந்து வேலையை நிறுத்தித் தோண்டிப் பார்ப்பார்கள். நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு போன். வீட்டுக்கு வந்ததும், நான் இப்போதே பண்ணுகிறேன் என்றேன். ஆர்டித் ரிசீவர் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீ பண்ணக் கூடாது, லியோனா. நானும் பண்ண மாட்டேன். அன்னிக்கு அவர்தான் கேக்காம வந்தாரு. இன்னிக்கு அவர்தான் கேக்கணும்."

வெண்டல் போன் செய்யவில்லை. பதிலாகக் கேலனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் வந்து காப்பி குடித்தான், நான் அடுப்பங்கரையில் இருந்தேன். அவனை ராட்சசன் என்று சொல்ல மாட்டேன். வங்கிக் கடனைச் சொன்னான், கான்கிரீட் லாரிக்குத் தேதி வாங்கியதைச் சொன்னான். கம்பி எலிவளைக்கும் திரும்பும், பழைய குழாய்க்கும் திரும்பும் என்றான். தானே மண்வெட்டி கொண்டுவந்து ஒரே ஓர் இடத்தில் தோண்டிப் பார்க்கட்டுமா என்று வெண்டல் கேட்டார். ஓர் எலும்பு வெளியே வந்தால் மாநிலத்து ஆட்கள் வருஷக்கணக்கில் கூடாரம் போட்டுவிடுவார்கள், தான் திவாலாகிவிடுவேன் என்று கேலன் சொன்னான். பிறகு கோப்பையைக் கீழே வைத்தான்.

"வெண்டல், நீங்க சொல்லுங்க. அரசாங்கம் என் நிலத்துல கால் வைக்கலாமா, கூடாதா?"

வெண்டல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "கூடாது," என்றார். இரண்டு பேரும் கைகுலுக்கினார்கள். ஆர்டித் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. ஓட்டுக்காக, கேலனின் பணத்துக்காக அவர் வாயை மூடிக்கொண்டார் என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அற்ப மனிதர் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். அப்படி இல்லை. அவர் சாப்பிடவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போது திடீர் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். சாப்பாட்டு மேசையில் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்ந்தாற்போலக் கையில் எடுக்க மாட்டார், ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கீழே வைப்பார். அந்த மனிதர் உண்மையாகவே தான் சொன்னதை நம்பினார். எனக்கு அதுதான் திகிலாக இருந்தது.

தேர்தலுக்கு முந்தின வாரம் உயர்நிலைப் பள்ளி ஜிம்மில் வேட்பாளர்கள் கூட்டம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்: இப்போதைய பிரதிநிதி, ஒரு வக்கீல், கோட்டு தோளில் சரியாக உட்காராத வெண்டல். பொதுமக்கள் வரிசையில் நின்று மைக்கில் கேள்வி கேட்கலாம். வரி, எத்தனால், ஆஸ்பத்திரிச் செலவு, எல்லை என்று ஒவ்வொன்றாகப் போனது. வெண்டல் நன்றாகவே பதில் சொன்னார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். வரிசை நகர நகர, கடைசியில் நின்றவள் யார் என்று எல்லோரும் பார்த்தார்கள். துக்க வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் அக்கா நின்றிருந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"என் பேரு ஆர்டித் கிராட்ஸ். எல்ம் ஃபோர்க். மிஸ்டர் கிராட்ஸுக்கு ஒரு கேள்வி."

ஜிம் முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒருவன், வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்றான். அவள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். வெண்டல் சிரிக்கவில்லை.

"கருவுல இருக்கற உயிரும் உயிர்தான்னு சொல்றீங்க. நிலத்துக்குக் கீழ இருக்கறதும் நிலத்துக்காரனோடதுன்னு சொல்றீங்க. கேலன் ரோட்டோட நிலத்துக்குக் கீழ ஒரு குழந்தை இருக்கு. அது யாரோடது?"

நேரம் பார்க்கிற பெண் மஞ்சள் அட்டையைத் தூக்கினாள், கொஞ்ச நேரத்தில் சிவப்பைத் தூக்கினாள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். வெண்டல் எழுந்து நின்றார். மேசைமேல் வைத்திருந்த இரண்டு கைகளும் மெதுவாக உள்பக்கம் திரும்பின. கையில் ஒன்றுமில்லை. வெறும் கைதான், விரல்கள் மட்டும் ஒன்றை ஒன்று நோக்கித் திரும்பிப் படுத்தன. அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கேலனோடது, மேடம்."

பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் கைதட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஆர்டித் "நன்றி" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் கையைப் பிடித்தேன். அந்தக் கை எனக்குப் பதில் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை கேலன் மண் வெட்ட ஆரம்பித்தான். வெண்டல் மேற்கு மாவட்டங்களில் கடைசிச் சுற்றுப் பிரசாரத்துக்குக் காலையிலேயே போய்விட்டார். ஆர்டித் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ரோட் நிலத்துக்குப் போனாள். வேலிக்கு இந்தப் பக்கம், சாலையோரப் புல்லில் உட்கார்ந்தோம். அந்தப் புல் மாவட்ட அரசாங்கத்துடையது, அங்கே உட்கார யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மண் வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவன் எஃப்ரைன், குவாத்தமாலாவிலிருந்து வந்து கேலனிடம் வேலை பார்க்கிறவன், எங்கள் சர்ச்சுக்கு வருகிறவன்தான். வாளி இறங்கும், கறுப்பு மண் வரும், பிறகு மஞ்சள் களிமண் வரும். மத்தியானம் வரை அதுதான். அப்புறம் வாளி பாதியில் நின்றது. எஃப்ரைன் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினான். குழியின் விளிம்பில் குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். இயந்திரச் சத்தம் நின்ற பிறகு அந்த நிலத்தில் எந்தச் சத்தமும் இல்லை. காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த வானம்பாடிகள்கூட இல்லை.

கேலன் ஓடிவந்து பார்த்தான். முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வேலிப் பக்கம் வந்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

"பெட்டி," என்றான். "மரப்பெட்டிங்க. சின்னச் சின்னதா. ஒண்ணு பக்கத்துல ஒண்ணு. நான் எதையும் தொடலை, ஆர்டித். அப்படியே மூடச் சொல்லிட்டேன். குழியை அந்தக் கோடிக்கு மாத்திக்கறேன். கடன் அதிகமாகும், பரவால்ல." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மாநிலத்துக்குச் சொல்லாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க எப்ப வேணா உள்ள வரலாம். யாரும் தடுக்க மாட்டாங்க."

"நான் மட்டும்," என்றாள் ஆர்டித்.

அவனுக்குப் புரியவில்லை.

"வெண்டல் கேட்டா ஒண்ணும் சொல்லாத. கொட்டகைக்கு இடம் மாத்திட்டேன்னு சொல்லு, போதும்."

சாயங்காலம் வெண்டல் நேராக அங்கே வந்தார். குழி மூடி மண் சமமாகியிருந்தது. நாங்கள் இன்னும் உட்கார்ந்திருந்தோம். வண்டியிலிருந்து இறங்கி, வேலியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், நாற்காலிக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்தார்.

"என்ன இருந்துச்சு?"

ஆர்டித் அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. அவர் கோட்டில் ஒட்டியிருந்த தூசியைக்கூடத் தட்டிவிட்டாள்.

"அது கேலனோடது, வெண்டல்."

மறுநாள் தேர்தல். தோற்றுப்போனார். மூன்று மாவட்டங்களில் ஜெயித்தார், மற்றதெல்லாம் பழைய பிரதிநிதிக்கே போனது. நான் ஓட்டுப் போட்டிருக்க முடியாது, அது அவர்கள் கட்சித் தேர்தல். முடிந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். தோல்வியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளத்தை மூடவில்லை. இப்போதும் வாத்து இறங்குகிறது.

கம்பி அவருக்கு நின்றுபோனது. கோடையில் பக்கத்து ஊர்க் கல்லறைக் கமிட்டிக்காரர்கள் கூப்பிட்டுப் போனார், காலையிலிருந்து நடந்தார், ஒன்றும் திரும்பவில்லை. சோதித்துப் பார்க்கத் தன் சொந்தத் தகப்பனாரின் கல்லறைமேல் போய் நின்றாராம், பேர் செதுக்கிய கல் முன்னாலேயே இருக்கிறது. கம்பி இரண்டும் நேராக முன்னால் நீட்டிக்கொண்டு கிடந்ததாம். என் பார்லருக்கு வந்தபோது பழைய தொட்டி இருந்த இடத்திலேயே சாதாரணமாக நின்று பேசினார். நான்தான் கால் மாற்றி நின்றேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆர்டித் ரோட் நிலத்துக்குப் போவாள். வெண்டல்தான் வண்டி ஓட்டுவார். சில நாள் நானும் போவேன். அவள் கேட்டைத் திறந்து உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொள்வாள். புதுக் கொட்டகையைத் தாண்டி, புல் மட்டும் முளைத்த ஓர் இடத்தில் போய் நிற்பாள். வெண்டல் சாலையோரத்தில் வேலியைத் தொடாமல் நிற்பார். கேலனிடம் அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார். கொட்டகைக்கு இடம் மாற்றினேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் அடுத்தவன் நிலத்தைப் பற்றி விசாரிப்பது அவர் வழக்கம் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அங்கே போய் முட்டி போட்டு, தரைக்குக் கிட்டே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் குழந்தைக்கு அவள் பெயர் வைத்திருந்தாள் என்பது அதுவரை எனக்கே தெரியாது. நாற்பது வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். மறுபடி கூப்பிட்டாள், கொஞ்சம் நிறுத்தினாள், யாரோ பதில் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரித் தலையைச் சாய்த்தாள், பிறகு சிரித்தாள்.

வெண்டலுக்கு இப்போது காது மந்தம். வேலிக்கு எவ்வளவு நெருங்கலாமோ அவ்வளவு நெருங்கி நின்று, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"என்ன பேரு சொல்றா, லியோனா?"

எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

"காத்து ஜாஸ்தியா இருக்கு, வெண்டல். எனக்கும் கேக்கல," என்றேன்.

அன்று ஒரு புல்கூட அசையவில்லை.